முதலில் கால், பிறகு கை

(சேலம் அம்மாபேட்டையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

நான் செய்த ஒரு தவற்றையும் அதிலிருந்து கற்றதையும் இன்று பகிர்ந்துகொள்கிறேன்.

சிறுவயதில் சில ஆண்டுகள் பரதம் பயின்றவள் நான். அதனால் கலைத் திருவிழாவுக்கு மாணவிகளைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருந்தது இரண்டு வாரம். அடவு பழக்க நேரமில்லை என்று நேராகப் பாடலுக்கே ஆட வைத்தேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கால் சரியாக வந்தால் கை நின்றுவிடும். கை வந்தால் தாளம் தப்பும். "நீ கடைசி வரிசைக்குப் போ" என்றேன். மறுநாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. கேட்டதற்கு, "எனக்கு ஆட வராது டீச்சர்" என்றாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா குழித்தறியில் இருந்தார். விவரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு முதல்ல வெறும் மிதிதான் பழக்குனாங்க டீச்சர். கால் தானாப் போன பிறகுதான் நாடாக் கயிற்றைக் கையில குடுத்தாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பரதத்தின் பாடத்திட்டமும் அதுதானே! அரைமண்டியில் அமர்ந்து தட்டடவு செய்யும்போது கைகள் இடுப்பில் இருக்கும். கால் மட்டுமே வேலை செய்யும். அடுத்து வரும் நாட்டடவில்தான் கைகள் சேரத் தொடங்கும். ஒவ்வோர் அடவும் முதற்காலத்தில் நிதானமாக வந்த பிறகே இரண்டாம் காலத்தில் இருமடங்கு வேகம் பெறும். முத்திரைகளும் அப்படியே. நான்கு விரல்களைச் சேர்த்து நீட்டிக் கட்டைவிரலை மடக்கினால் பதாகம். அதில் மோதிர விரலை மடக்கினால் திரிபதாகம். சுண்டுவிரலும் மடங்கினால் அர்த்தபதாகம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். சிலப்பதிகாரத்து மாதவியும் ஏழாண்டு பயின்றுதான் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். நானோ இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டேன்.

மறுநாள் அந்த மாணவியிடம், "தப்பு என்னுடையதும்மா" என்றேன். எல்லோரையும் இடுப்பில் கைவைக்கச் சொல்லி, "தெய்யா தெய்" என்று தட்டுக்கழியால் தாளம் போட்டேன். நான்கு நாள் கால் மட்டும். பிறகு உட்கார்ந்தபடி கை மட்டும். அதன்பின் இரண்டும் சேர்த்து, மெதுவாக. பாடலில் பாதியைக் குறைத்துக்கொண்டோம். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவள் முன்வரிசையில் நின்று தாளம் தப்பாமல் ஆடி முடித்தாள்.

இப்போது கணக்குப் பாடத்தில் ஒரு குழந்தை தடுமாறினாலும், "ஒரே நேரத்தில் எத்தனை செயல்களை இவளிடம் கேட்கிறேன்?" என்றுதான் முதலில் யோசிக்கிறேன். "வராது" என்று ஒரு குழந்தை சொன்னால், நாம் தாண்டிவந்த படி எது என்று திரும்பிப் பார்ப்போம்.