முதுமையும் காலக் கணக்கும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

1864-ஆம் ஆண்டில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை திறந்த நாள்தொட்டு, அதனை நம்பி இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. நம் குடும்பமும் அவற்றுள் ஒன்று. நாம் அறிஞரல்லோம், மெட்ரிகுலேஷன் வரை படித்த எழுத்தர். ஆயினும் நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூற விரும்புகிறோம்.

நம்மைப் பெற்ற அன்னையார் ஒருநாள் ஊரிலுள்ள மகளோடு கைப்பேசியில் உரையாடுகையில் பேச்சு அறுந்தது. அவர் விரல் திரையில் பட்டதை நாம் கண்ணாரக் கண்டோம். அவரோ, “நான் ஒன்றும் செய்யவில்லையப்பா, அதுவாகவே அணைந்துவிட்டது” என்றார். “பொய் சொல்லாதே அம்மா” என்று சினந்தோம். அன்றுமுதல் அவர் கைப்பேசியைத் தொடுவதையே விட்டார்.

பின்னர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தோம். 2002-ஆம் ஆண்டில் லண்டனில் பாட்ரிக் ஹாகார்டும் அவர்தம் துணைவர் இருவரும் அதனை நடத்தினர். ஒருவர் தாமே விரும்பிப் பொத்தானை அழுத்துவார். கால் நொடி கழித்து ஓர் ஒலி எழும். இரண்டும் எப்பொழுது நிகழ்ந்தன என்பதைச் சுழலும் கடிகார முள்ளைப் பார்த்துக் கூறவேண்டும். அழுத்தியது நொடியின் ஆயிரத்தில் 15 பங்கு பிந்தியும், ஒலி 46 பங்கு முந்தியும் நிகழ்ந்ததாக உள்ளம் உணர்ந்தது. செயலும் பயனும் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டன! காந்த விசையால் மூளையைத் தூண்டி, விருப்பமின்றி விரலை அசையச் செய்தபோதோ அவை விலகி நின்றன. ஆகவே, இவ்வீர்ப்பு ‘நான் செய்தேன்’ என்னும் உணர்வோடு தொடர்புடையது என்று ஆய்வாளர் கருதினர். 2017-இல் இத்தாலிய ஆய்வாளர் சிலர், இது குழந்தைகளிடமும் முதியோரிடமும் குறைந்திருக்கக் கண்டனர். இது முடிந்த முடிபன்று. எனினும் நாவை அடக்கப் போதுமானது.

பழைய கைகாட்டி மரங்களை முதியோர் அறிவர். நெம்புகோலையும் கைகாட்டியையும் நீண்ட கம்பி இணைத்திருந்தது. வெயிலில் கம்பி நீண்டு தளரும். நெம்புகோலை இழுத்தும் கைகாட்டி சரியாக இறங்காவிடில், தொழிலாளியைப் பொய்யன் என்றோமா? கம்பியையன்றோ முறுக்கினோம்!

அன்பர்களே! முதியவர் ‘நான் செய்யவில்லை’ என்றால், அவர் உணர்ந்ததையே உரைப்பவராகவும் இருக்கலாம். அன்னையாரிடம் நாம் மன்னிப்பு வேண்டினோம். இப்பொழுது அவர் திரையைத் தொடும்போது அருகிலிருந்து, “தொட்டாய் அம்மா, இதோ மணி அடிக்கிறது” என்கிறோம். மகளோடு மீண்டும் பேசுகிறார்.