ஒரு தீவில் இரண்டு ஓநாய்கள்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடந்தால் குறைபாடுகள் உண்டாகும் என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "எங்க அப்பாவும் அம்மாவும் சொந்தம்தான் சார். அப்போ எனக்கும் குறை இருக்குமா?" என்று கேட்டாள். நான் பாடம் நடத்திய முறையில்தான் குறை இருந்தது.

உறவு குறையை உண்டாக்குவதில்லை. குறையுள்ள ஒடுங்கு ஜீன்கள் சில எல்லா உயிர்களிடமும் மறைந்தே இருக்கின்றன. இணை அயலாக இருந்தால் பெரும்பாலும் ஓங்கு ஜீன் அவற்றை மூடிவிடும். இணை உறவாக இருந்தால், ஒரே மூதாதையின் ஜீன் இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அது வாய்ப்புதான், விதி அல்ல. உறவு தலைமுறை தலைமுறையாகத் தொடரும்போதுதான் ஆபத்து பெருகுகிறது.

இதை விளக்க, இப்போது ஐல் ராயல் தீவின் கதையைச் சொல்கிறேன். இத்தீவு வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ளது. 1940களின் இறுதியில், உறைந்த ஏரியின்மேல் நடந்து சில ஓநாய்கள் அங்கே குடியேறின. 1980இல் அவை 50. பார்வோ வைரஸ் தாக்கியதில் இரண்டே ஆண்டுகளில் 14 ஆகக் குறைந்தன. பிற்காலத்தில் எலும்புகளை ஆராய்ந்தபோது, பலவற்றின் முதுகெலும்பில் பிறவிக் குறை தெரிந்தது.

1997இல் ஓர் ஆண் ஓநாய் பனியைக் கடந்து வந்தது. அதன் வாரிசுகள் நன்கு பெருகின. ஆனால் சில தலைமுறைகளில் தீவின் எல்லா ஓநாய்களும் அதற்கு உறவாகிவிட்டன. குளிர் குறைந்து, ஏரி உறைவதும் அரிதானது. 2016இல் மிஞ்சியவை இரண்டே. அவை தந்தையும் மகளும். இரண்டுக்கும் தாய் ஒன்றே. அந்த இணையின் சந்ததி நிலைக்கவில்லை. 2018, 2019 ஆண்டுகளில் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மீண்டும் அங்கே குட்டிகள் வளர்கின்றன.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "எத்தனை விலங்குகள் இருக்கின்றன?" என்பதோடு, "புதியது ஒன்று வந்து சேர வழி இருக்கிறதா?" என்றும் மாணவர்களிடம் கேளுங்கள். காடுகளை இணைக்கும் வழித்தடங்கள் ஏன் தேவை என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அந்த மாணவியைப் போன்றவர்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களை மனத்தில் வைத்து, 'வாய்ப்பு' என்ற சொல்லை மறக்காமல் நடத்துங்கள்.