கண்டியிலிருந்து பொஸ்டனுக்கு

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இஸ்லாமியக் கலை ஆய்வு என்றதும் கெய்ரோவும் இஸ்தான்புலும்தான் நினைவுக்கு வருகின்றன. நம் கண்டிக் கிராமங்களில் நடந்து திரிந்த ஒருவரும் அந்த வரிசையில் இருக்கிறார்: ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கியவர், கல்லைத் தேடிப்போய்க் கைவினைஞரைக் கண்டார். 1908இல் வந்த 'மத்தியகால சிங்களக் கலை' நூலுக்காக அவரோடு அலைந்து படம் பிடித்தவர் மனைவி எதெல். அந்தப் பெண்ணைப் பற்றி வகுப்பில் நாம் ஒரு சொல்லும் கேட்டதில்லை!

1917இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றவர், பிற்காலத்தில் பாரசீக, முஸ்லிம் கலைகளுக்குமான ஆய்வாளரானார். 1924இல் அல்-ஜஸரியின் பொறிநூல் ஏடுகளைப் பற்றி எழுதினார். 1206இல் முடிந்த அந்நூலில் யானை மேல் அமைந்த நீர்க்கடிகாரமும் உண்டு. பெரஹெரா பார்த்து வளர்ந்த நமக்கு அது அந்நியமல்ல. ஓவியத்தை ரசித்ததோடு நில்லாமல், பொறி இயங்கும் விதத்தையும் விளக்கினார். கண்டித் தட்டாரின் வேலைமுறையை எழுதிவைத்த அதே கண்.

நம் பக்கத்துப் பழைய பள்ளிவாசல்கள் சில இடம் போதாமல் இடிக்கப்பட்டுப் புதிதாக எழுகின்றன. தொழ இடம் வேண்டும்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இடிக்குமுன் மரத்தூணையும் ஓட்டுக்கூரையையும் அளந்து வைத்தவர் யார்? லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் சகோதரிகளே, உங்கள் அல்பங்களில் கல்யாணப் படங்களுக்குப் பின்னால் அந்தத் தூண்கள் நிற்கக்கூடும். பிரதியெடுத்து, ஊரும் வருடமும் எழுதி, நமது சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள்.