மாடியில் டவர்: நம் பிள்ளைகள் நூலகத்தில் தேடியது

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்வில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நம் அறக்கட்டளைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்க ஒரு நிறுவனம் இடம் கேட்டிருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாடகை வந்தால் இன்னும் சில பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம். ஆனால் கீழ்த்தளத்தில் மக்தப் நடக்கிறது. டவர் வந்தால் அங்கே ஓதும் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும் என்று ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் ஒரே இரவில் ஊரைச் சுற்றி வந்தது. மறுநாள் அலுவலகத்துக்கு வந்து கேட்ட தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன். நிறுவனத்தின் ஆள் ஒரு வண்ணத் தாளைக் காட்டி, ஒன்றும் ஆகாது என்றார். டவர் வைக்க வந்தவர் வேறு என்ன சொல்வார்?

செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிட்டிருப்பதை ஹஜ்ரத் அவர்கள் ஜுமுஆ பயானில் நினைவூட்டினார்கள். விசாரிக்க நாங்கள் தேர்ந்தெடுத்தது நம் பிள்ளைகளைத்தான். நம் உதவித்தொகையில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிக்கும் மூன்று பேரை அழைத்து, பல்கலைக்கழக நூலகத்தில் தேடி எழுதித் தாருங்கள் என்று கேட்டோம். இரண்டு பையன்கள், ஒரு பெண். கல்லூரி முதல்வரின் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டு போனார்கள். மகளைத் தன் வண்டியிலேயே அழைத்துப் போய், மாலை வரை காத்திருந்து கூட்டி வந்த அத்தாவுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக.

முதல் நாள் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 'டவர், கேன்சர்' என்று தேடினால் குப்பையும் தங்கமும் சேர்ந்தே கொட்டுகிறது. நூலகர்தான் வழி சொன்னார். ஆய்வாளர்கள் அப்படி எழுதுவதில்லை. 'பேஸ் ஸ்டேஷன்', 'ஆர்.எஃப். எக்ஸ்போஷர்' என்ற சொற்களைப் போட்டுத் தேடச் சொன்னார். தனித்தனி ஆய்வுகளில் இறங்குமுன், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் 'ரிவ்யூ' கட்டுரைகளைப் படியுங்கள் என்றார். டியூவி முறையில் அடுக்கிய நூலகத்தில் தொலைத்தொடர்பு இரண்டு இடத்தில் இருக்கும் என்பதும் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. கருவியும் அலையும் 621.382இல்; சேவையும் கொள்கையும் 384இல். நம் கேள்விக்கு இரண்டு அலமாரியும் தேவைப்பட்டன.

வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆய்விதழ்க் கட்டுரைகள் பல்கலைக்கழகக் கணினியில் இலவசமாகத் திறக்கின்றன. 2025 ஜனவரி முதல் ஒன்றிய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. மின்னணுப் பொறியாளர்கள் தேடும் ஐ.இ.இ.இ. இதழ்களும் அதில் உண்டு. வீட்டிலிருந்தே படிக்கக்கூடியவையும் இருக்கின்றன: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா'வில் இருக்கின்றன; சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தொழில்நுட்பப் பரிந்துரைகளையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கடையில் பணம் கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கும் பழக்கத்தைப் பற்றி இன்று அதிகம் பேசப் போவதில்லை. வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகள் கொண்டு வந்ததைச் சொல்கிறேன்.

எக்ஸ்ரே கதிருக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் உண்டு. செல்போன் அலைக்கு அது கிடையாது. அளவு மிஞ்சினால் உடலைச் சூடாக்கும். அந்தச் சூட்டை வைத்துத்தான் சர்வதேச வரம்பு போட்டிருக்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கை 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா தன் வரம்பாக வைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட்.

குரல்பதிவில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயரும் வருகிறதே, அது பொய்யா? முழுப் பொய் இல்லை. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை '2பி' என்ற பிரிவில் சேர்த்தது உண்மை. 'புற்றுநோய் உண்டாக்கக் கூடும். ஆனால் சான்று குறைவு' என்பது அதன் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அந்த முடிவுக்குப் பெரிதும் ஆதாரமானவை செல்போனைக் காதில் வைத்து நீண்ட நேரம் பேசுபவர்களைப் பற்றிய ஆய்வுகள். டவருக்கு அடியில் வசிப்பவர்களைப் பற்றியவை அல்ல.

இதைவிட என்னை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. சிக்னல் பலவீனமாக இருந்தால் டவரை எட்டுவதற்காகக் கைபேசி தன் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. டவர் தூரத்தில் இருந்தால், காதருகே இருக்கும் கருவி அதிகமாக வேலை செய்கிறது. டவரை விரட்டிவிட்டு, தூங்கும் பிள்ளையின் தலைமாட்டில் போனை வைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

அதனால் டவர் வரட்டும் என்று சொல்லிவிட்டேன் என நினைக்க வேண்டாம். அந்த மாணவிதான் நிறுவனம் தந்த வரைபடத்தை விரித்து, ஆன்டெனா எந்தத் திசை பார்க்கிறது என்று கேட்டாள். அலை கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில், எதிரே நோக்கிப் போகிறது. நேர் கீழே இருக்கும் மக்தபுக்கு வருவது குறைவு. எதிரே, அதே உயரத்தில், அருகில் இருக்கும் வீட்டுக்குத்தான் அதிகம். நம் வரைபடத்தில் ஓர் ஆன்டெனா எதிர்வீட்டு மூன்றாம் மாடியை நேராகப் பார்க்கிறது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. குரல்பதிவிலும் இது இல்லை, வண்ணத் தாளிலும் இல்லை.

இதை நிறுவனத்துக்கு எழுதி, அந்த ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும் அல்லது உயர்த்த வேண்டும், எதிர்வீட்டு மாடியில் எவ்வளவு அலை விழும் என்ற கணக்கையும் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. டவர் வந்த பிறகும், தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் கட்டணம் கட்டி அளந்து பார்க்கச் சொல்லலாம் என்பதையும் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள்.

அவர்களின் அறிக்கை தமிழில், அலுவலக மேசையில் இருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு யாரும் வந்து படிக்கலாம். தாய்மார்களுக்கு அந்த மாணவியே ஞாயிற்றுக்கிழமை காலை மக்தபில் விளக்கிச் சொல்வாள். கேட்க வேண்டியதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள். நிறுவனத்தின் பதில் வந்ததும், இன்ஷா அல்லாஹ், ஜமாஅத் கூட்டத்தைக் கூட்டுவோம். எதிர்வீட்டாரையும் அழைத்திருக்கிறோம். அவர்கள் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனாலும் முதலில் பேச உரிமை உள்ளவர்கள் அவர்கள்தான்.

வஸ்ஸலாம்.