இரவல் அரிவாள்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ராசிங்காபுரத்துக்காரன் ஏலக்காயைப் பத்திப் பேசுவான்னு பார்த்தா, ஏதோ எடிட்டராமே!" என்று முன்வரிசையில் யாரோ சொல்வது காதில் விழுகிறது. ஏலக்காயும் வரும், கொஞ்சம் பொறுங்க.

கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்தே எழுத்தைத் திருத்தும் 'விம்' உங்களில் பலருக்குத் தெரியும். 1976-இல் பில் ஜாய் எழுதிய 'விஐ'யின் வழியில் வந்தது. நெதர்லாந்துப் பொறியாளர் பிராம் மூலநார் 1991-இல் வெளியிட்டார். 2023-இல் மறைந்த அவர் இதற்குக் காசு கேட்கவில்லை. பிடித்திருந்தால் உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றுதான் கேட்டார்.

நம் வசதிக்கு இதை மாற்றிக்கொள்ள 'விம்ஆர்சி' என்று ஒரு கோப்பு உண்டு. அதில் 'செட் நம்பர்' என ஒரு வரி எழுதினால் வரி எண் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், சீனியர் ஒருவரின் நானூறு வரிக் கோப்பை அப்படியே காப்பி அடித்துக்கொண்டேன். பாதி புரியவில்லை. திரை பளபளவென்று இருந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மாலை 'மேக்ஃபைல்' ஒன்றில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். இரவு பில்டு நின்றுபோனது. அன்றே அந்தக் கோப்பைத் தொட்டிருந்த புதுப் பையன் மீது பழி விழுந்தது. திட்டு வாங்கினான். "நான் சரியாத்தான் எழுதினேன்" என்று நானும் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போயும் தூக்கம் வரவில்லை. மறுநாள் 'செட் லிஸ்ட்' போட்டுப் பார்த்தேன். டேப் இருக்க வேண்டிய என் வரியில் வெறும் இடைவெளிகள்! இரவல் கோப்பிலிருந்த 'செட் எக்ஸ்பேண்ட்டேப்' செய்த வேலை. மேக்ஃபைலுக்கு டேப்தான் வேண்டும். 'ஃபைல்டைப் பிளகின் ஆன்' என்ற வரி இருந்திருந்தால் விம்மே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வரி அதில் இல்லை. எல்லார் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொல்லி, அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

என் அப்பா விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். போனில் இதைச் சொன்னதும், "அடுத்தவன் அருவாளு பிடி நம்ம கைக்கு ஒக்காதுடா" என்றார். நானூறு வரியையும் அன்றே அழித்தேன். இன்று என் கோப்பில் இருப்பவை முப்பத்தொரு வரிகள். ஒவ்வொன்றின் மேலும் அது எதற்கு என்று தமிழில் குறிப்பு இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது 'செட் டெல்கம்பைன்'. தமிழில் 'க்' என்று அடித்துவிட்டுப் பின்னழித்தால் எழுத்து முழுக்கப் போகாது. புள்ளி மட்டும் போகும்.

தம்பிகளா, தங்கைகளா, இரவல் வாங்குங்க, தப்பில்லை. ஆனா ஒரு வரியைப் புரிஞ்ச பிறகுதான் அடுத்த வரியைச் சேருங்க. சந்தேகம் வந்தா 'வெர்போஸ் செட் எக்ஸ்பேண்ட்டேப்' என்று எழுதிக் கடைசியில் ஒரு கேள்விக்குறி போடுங்க. எந்தக் கோப்பு அதை மாற்றியது என்று விம்மே சொல்லும். அடுத்தவன் மேல் பழி போடுமுன் நம்ம கோப்பை ஒருதரம் திறந்து பார்ப்போம்.