ஒரு கணக்கரின் விண்ணப்பம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் தொழில்கள் பல. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளும் கோழிப் பண்ணைகளும் உள்ளன. ஆத்தூர், ராசிபுரம் வட்டாரங்களில் ஜவ்வரிசி ஆலைகள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மண்டிகள். இத்தொழில்கள் ஒவ்வொன்றின் பின்னும் வரவு செலவு எழுதும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். வணிகவியல் பட்டம் பெற்று, ஆடிட்டர் ஒருவரிடம் பயின்று, பேரேடும் ஐந்தொகையும் கைவரப் பெற்றவர் அவர். சில ஆண்டுகள் சென்றபின், நிர்வாகவியல் கல்லூரியில் சேர்ந்து மேலே படிக்க வேண்டும் என்னும் அவா அவருக்கு எழுகிறது. உடனே ஓர் ஐயமும் எழுகிறது. பெருநகரங்களில், பெரிய நிறுவனங்களில் பணிபுரிந்தோர் போட்டியிடும் இடத்தில், சிற்றூர்க் கணக்கர் எதைச் சொல்லி இடம் கேட்பது? மாணவ நண்பர்களே, இவ்வினாவுக்கு விடை காண இன்று முயல்வோம்.

இந்திய மேலாண்மைக் கழகங்களுள் முதல் இரண்டும் 1961-ல் தோன்றின. கல்கத்தாவில் அமைந்தது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஸ்லோன் பள்ளியின் துணையுடன் வளர்ந்தது. ஆமதாபாத்தில் அமைந்தது ஹார்வர்டு வணிகப் பள்ளியின் துணையைப் பெற்றது. 1973-ல் பெங்களூரிலும், 2011-ல் நம் அண்டை நகரான திருச்சிராப்பள்ளியிலும் இத்தகைய கழகங்கள் ஏற்பட்டன. இவற்றின் முதுநிலைப் படிப்பில் சேர விழைவோர் 'கேட்' எனப்படும் பொது நுழைவுத் தேர்வை எழுதுகின்றனர். மொழியறிவு, தரவுகளை ஆய்ந்து முடிவு காணும் திறன், கணிதம் ஆகிய மூன்றும் அதில் சோதிக்கப்படுகின்றன. தேர்வில் முன்னிற்போரை நேர்முகமாக அழைத்து வினவுகின்றனர். அயல்நாட்டுப் பள்ளிகளோ கட்டுரைகளையும் பரிந்துரைக் கடிதங்களையும் கேட்பது வழக்கம். முறை எதுவாயினும் உள்ளே பொதிந்துள்ள வினா ஒன்றே: நீங்கள் செய்த வேலையிலிருந்து எதைக் கற்றீர்கள்? இனி எதைக் கற்க வருகிறீர்கள்?

கணக்கு, நடந்ததைச் சொல்கிறது. நிர்வாகம், இனி நடக்க வேண்டியதை முடிவு செய்கிறது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். நாமக்கல் லாரி ஒன்று மும்பையில் சரக்கை இறக்கிவிட்டு நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஊர் திரும்ப ஒரு லோடு கிடைக்கிறது; வாடகை 32,000 ரூபாய். திரும்பும் பயணத்தின் செலவோ 45,000 ரூபாய் என்று ஏடு கூறுகிறது. கடன் தவணை, வரி, காப்பீடு ஆகியவற்றின் பங்கு 18,000. டீசல், சுங்கம், ஓட்டுநர் படி முதலியன 27,000. ஆதலால் 13,000 ரூபாய் நட்டம். இந்த லோடு வேண்டாம் என்று தோன்றும். ஆனால் வண்டி வெறுமையாகத் திரும்பினாலும் தவணையும் வரியும் நின்றுவிடப் போவதில்லை. டீசல், சுங்கம், படி ஆகியவற்றுக்கும் 22,000 ரூபாய் ஆகவே செய்யும். சரக்கை ஏற்றுவதால் கூடும் செலவு 5,000 ரூபாய்தான். வரும் வரவு 32,000. ஆகவே, இன்றைக்கு ஏற்றுவதே அறிவுடைமை. எனினும், எல்லா வண்டிகளும் என்றும் இவ்வாறே குறைந்த வாடகைக்கு ஏற்றினால் வாடகை விகிதமே சரிந்து, தவணை கட்டவும் வழியில்லாமல் போகும். எந்த அளவில் ஏற்பது, எப்போது மறுப்பது? இதற்கு விடை பேரேட்டில் இல்லை. இத்தகைய நிகழ்வுகளை வகுப்பில் வைத்து விவாதிக்கும் முறையே ஹார்வர்டில் வளர்ந்து ஆமதாபாத்திலும் வேரூன்றியது.

நம் ஊர்க் கணக்கரிடம் இத்தகைய நிகழ்வுகளுக்குக் குறைவில்லை. கோழிப் பண்ணையின் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. முட்டை விலை வீழும்போது முதிர்ந்த கோழிகளை வைத்துத் தீனி போடுவதா, விற்றுவிடுவதா? ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்காக 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. விலை குறைந்த நாளில் சரக்கைக் கிடங்கில் வைத்துக் காத்திருப்பதால் ஆலைக்கு ஆகும் வட்டி எவ்வளவு? இவற்றுள் ஒன்றையேனும் நீங்கள் கணக்கிட்டிருந்தால், விண்ணப்பத்தில் அதனை எழுதுங்கள். எழுந்த சிக்கல் யாது, நீங்கள் கண்டது என்ன, கூறிய யோசனை என்ன, விளைவு என்ன என்று நான்கு வாக்கியங்களில் சொல்லுங்கள். 'கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உடையவன்' என்னும் சொற்களை எல்லோரும் எழுதுவர். இதை உங்களால்தான் எழுத இயலும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வாடிக்கையாளரின் பெயரையும் அவருடைய கணக்கு மறைபொருளையும் வெளியிடலாகாது. பட்டயக் கணக்காளர் ஒருவர் இசைவின்றி அவ்வாறு செய்வதை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் ஒழுங்கீனம் என்றே கொள்கிறது.

விண்ணப்பம் எழுதிய கணக்கர்களுள் உலகப் புகழ் பெற்றவர் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தில் தோன்றிய சீனிவாச ராமானுஜனே அவர். 1912-ல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அவர் எழுத்தராக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் கணக்கு எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர் என்பதையும் மறைக்காமல் முதலிலேயே கூறிவிட்டுத் தாம் கண்ட கணித முடிவுகளை இணைத்து அனுப்பினார். அதற்கு முன் எழுதிய கடிதங்கள் பயன் தரவில்லை. இது பயன் தந்தது. 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவருடைய அறிவை அருகிருந்து கண்டு துணை நின்றவர், அதே அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். ராமானுஜனின் மேதைமை அனைவருக்கும் வாய்ப்பதன்று. ஆனால் நிலையை உள்ளவாறு கூறுதல், செய்த வேலையையே சான்றாக வைத்தல், வேலையைக் கண்டறிந்தவரிடம் பரிந்துரை பெறுதல் ஆகிய மூன்றும் எவருக்கும் இயல்வன. உங்களை அறியாத பெரிய மனிதரின் கடிதத்தைவிட, உங்கள் பிழைகளைத் திருத்திய ஆடிட்டரின் கடிதமே மதிப்புடையது.

இறுதியாக, கணக்கறிந்தவர் தம் சொந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தல் வேண்டும். கல்லூரிக் கட்டணம் மட்டுமே படிப்பின் செலவன்று. இரண்டாண்டு இழக்கும் ஊதியமும், கல்விக் கடனின் வட்டியும், அந்நாளில் வீட்டுக்கு அனுப்ப இயலாத பணமும் அதனோடு சேரும். தங்கையின் திருமணத்தையோ தந்தையின் நிலக்கடனையோ சுமப்பவர் ஓராண்டு பொறுத்து விண்ணப்பிப்பதில் இழிவு ஒன்றுமில்லை. அந்த ஓராண்டில் பட்டறை முதலாளியிடம், "இந்த லோடை ஏன் ஏற்றீர்கள்?" என்று கேட்டறிந்தால், அதுவும் கல்வியே. கணக்கை எழுதி முடித்தபின், இதனால் நாளை செய்ய வேண்டியது யாது என்று ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள். அப்பழக்கம் உடையவருக்கு விண்ணப்பத்தில் எழுதப் பொருள் குறைவுபடாது. நேர்முகத் தேர்வில் சொல்ல விடையும் குறைவுபடாது.