தோள் தாங்கும் ஆடை



வேட்டியில் வளர்ந்த நாம், பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கு வந்தபோது முதலில் அஞ்சியது அதன் குளிருக்குத்தான். கனத்த கம்பளிக் கால்சட்டை தைத்துக்கொண்டோம். அதனோடு புதுத் தொல்லையும் வந்தது. இடைவாரை இறுக்கினால் பகலுணவுக்குப்பின் மூச்சு முட்டிற்று. தளர்த்தினால் கால்சட்டை நழுவிற்று. மேலதிகாரியின் முன் ஒரு கையில் கோப்பும் மறுகையில் கால்சட்டையுமாக நின்ற நாளும் உண்டு.

இதற்கு மேனாட்டார் கண்ட வழி தோள்வார். இங்கிலாந்தில் 'பிரேசஸ்' என்பர். அமெரிக்காவில் 'சஸ்பெண்டர்ஸ்' என்பர். மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இரண்டாவது சொல் சற்றே நடுக்கம் தந்தது. அரசு அலுவலகத்தில் 'சஸ்பெண்டு' என்றால் வேலையினின்று விலக்கிவைத்தல் அன்றோ? ஆடையில் அதன் பொருள் தொங்கவிடுதல். கால்சட்டையின் கனத்தை இடுப்பினின்று தோளுக்கு மாற்றுவதே அதன் பயன்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1871இல் ஆடைகளை இறுக்கவும் தளர்த்தவும் கழற்றவும் ஏற்ற பட்டை ஒன்றுக்குக் காப்புரிமையே பெற்றார்!

தோள்வார் அணிய விரும்புவோர் முதலில் தையற்காரரிடம் இடுப்பைச் சற்றுத் தளர்வாகவும், வழக்கத்தினும் உயரமாகவும் வைக்கச் சொல்லுக. முன்னே நான்கும் பின்னே இரண்டுமாக 6 பொத்தான்கள் தைக்கவேண்டும். கவ்விகளால் பற்றும் வகையும் உண்டு. ஆனால் அது துணியை நாளடைவில் கெடுக்கும். கனத்த கம்பளியில் சட்டென விடுபடவும் கூடும். பொத்தான் வகையே நம்பத்தக்கது.

அணியும்போது பின்பக்கத்தை முதலில் மாட்டுக. நிமிர்ந்து நின்று, கால்சட்டையின் விளிம்பு காலணியின் மேல் படியுமாறு நீளத்தைச் சரிசெய்க. தோளில் அழுத்தினால் வார் குட்டை; தோளினின்று நழுவினால் நீளம். பின்பு ஒருமுறை நாற்காலியில் அமர்ந்து பார்க்கவேண்டும். நிற்கையில் பொருந்தியது அமர்கையில் இழுக்கக்கூடும். நம் பணியோ நாளெல்லாம் அமர்ந்திருப்பது.

தோள்வாருடன் இடைவாரும் அணிதல் அழகன்று, ஒன்றே போதும். பழைய ஆங்கில வழக்கில் தோள்வாரை உள்ளாடையாகவே கருதினர். கோட்டினுள் மறைத்தே அணிந்தனர். வெளியே தெரிய அணிவோர் அடக்கமான ஒரே நிறத்தைத் தேர்ந்தால் அலுவலகத்துக்கும் பொருந்தும்.

ஊரில் விருந்துண்டு எழுந்ததும் நம் பெரியவர்கள் வேட்டியைச் சற்றுத் தளர்த்திக் கட்டிக்கொள்வார்கள். யாரும் அதனை நகைத்ததில்லை. உடலுக்கேற்ப ஆடை இசைந்தது. கால்சட்டைக்கு வந்தபின் ஆடைக்கேற்ப உடலை இறுக்கிக்கொண்டு, அதுவே நாகரிகம் என எண்ணிவிட்டோம். தோள்வார் அணிந்த அன்றுதான், பல ஆண்டுகளுக்குப்பின், வயிறார உண்டு மேசைக்குத் திரும்பினோம். வேற்றூர் ஆடையானாலும் உடல் நம்முடையது. அதற்குரிய இடத்தை விட்டுத் தைப்பது தவறாகாது.